மேளச் சத்தத்தில் ஏழு மிஸ்ட் கோல்

அண்ணாவை விடுவார்களா, நாடு கடத்துவார்களா? போன வருஷம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஜெகன் அண்ணா இரண்டு வருஷமாக, விசா இல்லாதவர்களை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தார். ஆகஸ்ட் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, முடிவு வரும் என்றார் அண்ணாவின் வழக்கை நடத்திய லோயர். ஒன்று விசா. இல்லையென்றால் கொழும்புக்கு பிளேன். அம்மா சாப்பிடவே இல்லை. நான்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜெபம் பண்ணுவதையே நிறுத்தியிருந்தேன். இரண்டு வருஷம் கேட்டும் பதில் இல்லை. கடுப்பாகாதா?

அன்று சபையார் அண்ணாவுக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். செவன் ஹில்ஸில் ஒரு மண்டபம், அதில் வாடகைக்கு எடுத்த ஒரு ஹோல். எல்லாரும் போனை சைலண்டில் போட்டோம். நீண்ட நாளுக்குப் பிறகு கண்ணை மூடினேன். டும்! டும்! பக்கத்து அறையில் மேளம். பாட்டு, சிரிப்பு. போதாததற்கு ஆட்டுக்கறி வாசம் வேறு. நாங்களோ காலையிலிருந்து வெறும் தண்ணீர்.

"பிள்ளை, ஒருக்கா போய் நிப்பாட்டச் சொல்லன்," என்றார் பாஸ்டர் அங்கிள்.

"சொல்றன் அங்கிள். நல்லாச் சொல்றன்."

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே கரீபியன் ஆட்கள் முப்பது பேர். பெரிய மேளத்தோடு மார்வா என்ற அன்ரி. என் அண்ணாவின் வாழ்க்கை இன்றைக்குத் தீர்மானமாகிறது, உங்களுக்குப் பார்ட்டி கேட்கிறதா என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன்.

அவர் கோபப்படவில்லை. ஆகஸ்ட் ஒன்று ட்ரினிடாட்டில் பொது விடுமுறையாம். அடிமைத்தனம் ஒழிந்த நாள். விடுதலைக்கு முதல்நாள் அவர்களுடைய முன்னோர் தேவாலயத்தில் முழங்காலில் காத்திருந்தார்களாம். விடிந்ததும் எழும்பி ஆடினார்களாம். பிறகு கேட்டார்: "உன் அண்ணாவுக்கு என்ன பேர், டார்லிங்?"

"ஜெகன்."

"ஜெகன்!" என்று முப்பது பேரும் கத்தினார்கள். மேளங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள்.

பாஸ்டர் அங்கிள் முழித்தார். "நிப்பாட்டச் சொல்லி அனுப்பினா, கூட்டிக்கொண்டெல்லோ வாறாய்!"

மார்வா அன்ரி ஒரு மேளத்தை என் மடியில் வைத்தார். "கிடைத்த பிறகு நன்றி சொல்ல எல்லாருக்கும் தெரியும். நீ இப்பவே சொல்லு."

அடித்தேன். கை சிவக்கச் சிவக்க அடித்தேன். ஆண்டவரே, நன்றி. ஆண்டவரே, நன்றி. அழுகை பீறிட்டு வந்தது. அம்மாவும் கைதட்டினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஓய்ந்தபோதுதான் போனைப் பார்த்தேன். ஏழு மிஸ்ட் கோல். ஏழும் அண்ணா!

உடனே திருப்பிப் போன் அடித்தேன்.

"எங்கயடி துலைஞ்சனி? விசா தந்திட்டாங்கள்! பையோட முகாம் கேற்றுக்கு வெளியால நிக்கிறன். ஒருத்தரும் போன் எடுக்கிறியள் இல்லை!"

நான் கத்திய கத்தலில் மேளமே தோற்றது. அண்ணாவைக் கூட்டிவர பாஸ்டர் அங்கிள்தான் கார் எடுத்தார். அன்று உபவாசத்தை முடித்தது மார்வா அன்ரியின் ரொட்டியும் ஆட்டுக்கறியும். அதிகம் சாப்பிட்டது அண்ணா.

இப்போது நான் தினமும் ஜெபிக்கிறேன். முதல் வார்த்தையே நன்றிதான். ஆகஸ்ட் ஒன்று எங்கள் வீட்டுக்கும் லீவு நாள். இந்த முறை பெரிய மேளம் அண்ணாவின் கையில். முகாமுக்குள் இன்னும் இருக்கும் அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவருடைய பேரையும் சொல்லி மேளம் அடிக்கப்போகிறோம்.

உங்களுக்கும் ஒரு கதவு பூட்டியே கிடக்கிறதா? அலுத்துப்போய் விட்டுவிடாதீர்கள். கர்த்தரிடம் கேளுங்கள், கேட்ட கையோடு நன்றியும் சொல்லுங்கள். போனை மட்டும் சைலண்டில் போடாதீர்கள். அவர் பதில் தருவார்.