அம்புக்குறி இல்லாத கீபோர்டு

வேடசந்தூர் ரோட்டில் இருந்த அந்த நூற்பாலையில் அமலனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வாட்ச்மேனில் தொடங்கி எல்லோருக்கும் அவன் கம்ப்யூட்டர் சார்தான். யார் பகல் ஷிப்ட், யார் அரை நைட், யார் முழு நைட் என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராமைத் தொண்ணூற்று நான்கில் அவனே உட்கார்ந்து எழுதினான். அதில் ஒரு கோளாறு என்றால் அவனை விட்டால் வேறு நாதி கிடையாது. அதனால் மனைவியை அடக்கம் செய்த அடுத்த வாரமே அவன் வேலைக்கு வந்து நின்றபோது மேனேஜருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். வாய் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே அமலன்" என்றது.

"இல்ல சார், பரவால்ல."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் பரவாயில்லாமல்தான் இருந்தது. பசித்தது, தூக்கம் வந்தது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் உட்காரத் தோன்றியது. மற்றபடி உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி வாயை விட்டு இறங்கி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது போல இருந்தான். அன்று அவன் கையில் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு மஞ்சள் பையும் இருந்தது. அதற்குள் பிரிஸ்கில்லாவின் கீபோர்டு இருந்தது.

பிரிஸ்கில்லாவுக்கு 2001 பொங்கலை ஒட்டி மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருக்கச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்திருந்தது. அடக்கத்தன்று மரியநாதபுரத்துத் தெருவே அழுதது. அமலனுக்கு மட்டும் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெட்டியை மூடும்போது, மூலையில் ஒரு ஆணி கோணலாக இறங்குகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றான். எதிர் வீட்டு புஷ்பமேரி மூக்கைச் சிந்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "கல்லு கணக்கா நிக்கிறான் பாரு. அந்தப் பொம்பள இவனுக்கு எம்புட்டுச் செஞ்சா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகப் பேசினாலும் தெருமுனை வரை கேட்கிற குரல் அவளுக்கு.

அது பன்னிரண்டு வயது மகள் சகாயசெல்வியின் காதிலும் விழுந்தது. வந்த சொந்தக்காரர்களெல்லாம் போன பிறகு, அவள் நேராகவே கேட்டாள்.

"அம்மாவுக்கு நீங்க அழவே இல்லையேப்பா."

"வரலம்மா."

"எங்க கிளாஸ்ல ஒருத்தி நாய் செத்ததுக்கே அழுதா."

அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளை தேவைக்கு மட்டும் வாயைத் திறந்தாள். பஸ் பாஸ், பேனா, சோறு ஆச்சு, அவ்வளவுதான். அம்மாவை அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லையோ என்று அவள் நினைக்கிறாள் என்பது அமலனுக்குத் தெரிந்தது. அதை அப்படியே விட்டால் காலத்துக்கும் நின்றுவிடும் என்பதும் தெரிந்தது. ஆனால் அப்படி இல்லை என்று எடுத்துக் காட்ட அவனிடம் ஒன்றுமே இல்லை. அழுகையை எங்கே போய்க் கடன் வாங்குவது?

கீபோர்டின் கதை தனி. கப்பலில் எலக்ட்ரீசியனாக இருந்த மச்சான் சகாயராஜ், ஜப்பானில் இறங்கியபோது அமலனுக்கென்று வாங்கி வந்தது அது. சிலேட்டை விடக் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்பிரிங் இருந்ததால் அமுக்கினால் 'டக்' என்று நன்றாக எதிர்த்து வரும். ஆனால் மேலே எஃப் ஒன், எஃப் டூ வரிசை கிடையாது. வலது பக்கம் எண்கள் கிடையாது. அம்புக்குறிகளே கிடையாது. வலது ஓரத்தில் ஒரு சின்ன விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வேறொரு எழுத்தைத் தட்டினால்தான் கர்சர் ஒரு படி நகரும். அமலன் ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "இதுல புரோகிராம் எழுதுறவன் மனுசனே இல்ல" என்று தூக்கிப் பரணில் போட்டான்.

பிரிஸ்கில்லா அதைப் பரணிலிருந்து இறக்கினாள். கல்யாணத்துக்கு முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். பள்ளிக்கூடங்களுக்குக் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். சின்ன கீபோர்டு அவளுக்கு ஒரே நாளில் ஒத்துவந்துவிட்டது.

"டைப்ரைட்டர்ல அம்பு எங்க இருந்துச்சு? கைய வச்ச எடத்த விட்டு நகத்தாம அடிக்கலாம்ங்க. அம்புட்டும் விரலுக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு வாரம் கை மேல துண்டப் போட்டு மூடிக்கிட்டு அடிங்க, தானா வந்துரும்" என்றாள்.

"எனக்கு நேரமில்ல. நீ முதல்ல அது மேல ஓமப்பொடி திங்கிறத நிப்பாட்டு."

அவளுக்கு ஓமப்பொடி இல்லாமல் கேள்வித்தாள் நகராது. அமலன் ஒருநாள் கத்தியே விட்டான். அதன் பிறகு அவள் கையில் ஓமப்பொடித் தட்டை அவன் பார்க்கவில்லை. தன் பேச்சுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தான்.

அவள் போன பிறகு, எதற்கென்று தெரியாமலே அதை எடுத்து மில்லுக்குக் கொண்டுபோனான். மில் கம்ப்யூட்டரின் பெரிய துளைக்கு அதன் சின்ன முனை சேராததால் ஒரு இணைப்பு வாங்கி மாட்டினான். பிறகு அவள் சொன்னபடியே ஒரு துண்டை எடுத்துக் கை மேல் போட்டு மூடிக்கொண்டு அடித்தான்.

முதல் சில வாரங்கள் எல்லாமே கோளாறுதான். எழுதியதைச் சேமிக்க கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அமுக்க வேண்டும். கன்ட்ரோலைத் தேடி இடது சுண்டுவிரல் கீழ் மூலைக்குப் போகும். அங்கே விசை இருக்காது, மேசைதான் இருக்கும். இந்தக் கீபோர்டில் கன்ட்ரோல், ஏ எழுத்தை ஒட்டி இருந்தது. விரல் மேசையைத் தொடும், திரும்பி வரும், மறுபடி போய் மேசையையே தொடும். அமலனுக்குக் கோபம் வரவில்லை. சலிப்பும் வரவில்லை. மறுபடி அடித்தான். வேறு ஆளாக இருந்தால் நாலாம் நாள் தூக்கி எறிந்திருப்பான். உள்ளே மரத்துக்கிடக்கிறவனுக்கு இந்த மாதிரி வேலை நன்றாக வரும்.

கோடை வந்தபோது விரல்கள் வழி கண்டுபிடித்திருந்தன. கர்சரை மேலே கீழே கொண்டுபோகக் கை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வெகுநாளாக இருந்த மணிக்கட்டு வலி நின்றது. துண்டைப் போட்டால்தான் வேலை ஓடியது. எடுத்துவிட்டுக் கண்ணால் பார்த்து அடித்தால் தடுமாறியது. வேறு கீபோர்டில் கையை வைத்தால் சுத்தமாக முடியவில்லை. கன்ட்ரோல் என்று நினைத்து அமுக்குவான், அங்கே இருக்கிற கேப்ஸ் லாக் விழுந்து திரை முழுக்கப் பெரிய எழுத்தாக வந்து நிற்கும். அதனால் மஞ்சள் பை காலையில் அவனோடு போய், மாலையில் அவனோடு திரும்பியது. சகாயசெல்வி அந்தப் பையை ஒரு பார்வை பார்ப்பாள். அம்மாவின் சாமானை எடுத்துக்கொண்டு போகத் தெரிகிறது, அழத் தெரியவில்லை என்று அந்தப் பார்வை சொல்லும்.

ஐப்பசியில் ஆயுத பூசை வந்தது. மில்லில் அதுதான் பெரிய நாள். ஸ்பின்னிங் மிஷினிலிருந்து சைக்கிள் பம்பு வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். அமலன் கும்பிடுவது வேறு சாமி என்றாலும் பொரிகடலை எல்லோருக்கும் பொதுவானது. ஆபீஸ் அட்டெண்டர் சடையாண்டி, அய்யலூர்க்காரர், சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"இது சின்னப்புள்ள கணக்கா இருக்கு சார். இதுக்குப் போயி ஒத்தப் பொட்டா வக்கிறது?" என்று சொல்லிவிட்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக வைத்தார். அதன் மேல் குங்குமம். மிச்சம் இருந்த பன்னீரை மேலாகத் தெளித்தார். பிரியத்தோடு செய்கிறவரை எப்படித் தடுப்பது? மாலையில் அமலன் மஞ்சள் பையை எடுத்தபோது சடையாண்டி பதறிவிட்டார்.

"படைச்சத எடுக்கக் கூடாது சார். நாளைக்கி மறுபூசை முடிஞ்சதும் எடுத்துக்கங்க."

அன்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். மேசையின் முன் உட்கார்ந்தான். செத்த நேரத்தில் அவன் விரல்கள் தாமாக மேசைப் பலகையில் தட்ட ஆரம்பித்தன.

"என்னத்தப்பா தட்டுறீங்க?" என்றாள் சகாயசெல்வி.

"சும்மா."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மாவும் இப்படித்தான் தட்டும். கொழம்பு கொதிக்கிறப்ப மேடையில." பல மாதங்களுக்குப் பிறகு, தேவைக்கு மேல் ஒரு வாக்கியத்தை அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் முறை. அமலனுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்கவில்லை. அடுப்படிப் பக்கம் அவன் எங்கே போனான்?

மறுபூசை முடிந்து கையை வைத்தால் பாதி விசைகள் அமுங்கவே இல்லை. அமுங்கியவை மேலே எழும்பவில்லை. சந்தனம் இடுக்குகளில் இறங்கிச் சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. சடையாண்டி கையைப் பிசைந்தார். அமலன் "பரவால்ல அண்ணே" என்று சொல்லி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தான். தெருச் சத்தம் தொல்லையாக இருந்ததால் வாசல் கதவைச் சாத்தியிருந்தான். சகாயசெல்வி கேட்காமலே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் விசைகளின் மூடியை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க, அவள் தண்ணீரில் போட்டாள். எல்லாம் போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யோ, எது எங்க இருந்துச்சுன்னு எப்படிப்பா தெரியும்?"

அமலன் யோசித்தான். ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரல்களை அசைத்துப் பார்த்தான். "மேல் வரிசையில கியூ. அடுத்து டபிள்யூ" என்று வந்துகொண்டே இருந்தது. சகாயசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டது அவன் காதில் விழுந்தது.

பிறகு அவள் பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அதோடு மஞ்சளாக, குச்சி குச்சியாக ஏதோ விழுந்தது. அமலன் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தான்.

ஓமப்பொடி. ஒன்று இரண்டல்ல, ஒரு பிடிக்குத் தேறும்.

"நான் அம்புட்டு கத்தியும் தின்னுருக்கா" என்றான்.

சகாயசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க மில்லுக்குப் போனதும் எடுப்போம்ப்பா. நானும்தான். ஒங்க பஸ்ஸு வர்ற நேரத்துக்கு அம்மா தட்டக் கழுவி வச்சிரும். 'அப்பாட்ட சொல்லிறாத, பாவம், அவரு சொன்னா நம்ம கேக்குறோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு'ன்னு சொல்லும்."

அமலன் சிரித்தான். சத்தமாகவே சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் எங்கேயோ இடறி வேறொன்றாக மாறியது. அவனுக்கே அது என்னவென்று முதலில் புரியவில்லை. ஓமப்பொடித் துணுக்கை வாயில் போட்டுக்கொண்டு, சந்தனம் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு, "பிரிஸ்கி, பிரிஸ்கி" என்று மாடு கத்துகிற மாதிரி அழுதான். தை மாதத்தில் வராதது எல்லாம் அன்று வந்தது. அவள் இல்லை, இனி எப்போதும் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது.

சகாயசெல்வி பயந்துபோய் அவன் தோளைத் தொட்டாள். அப்பா அழுவதை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அவன் மேல் சாய்ந்துகொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா போற?" என்றான் அவன் விக்கலுக்கு நடுவே.

அன்று 'கல்லு கணக்கா' என்று சொன்ன புஷ்பமேரி எதிர் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சகாயசெல்வி நேராகப் போய், சாத்தியிருந்த வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள்.