வள்ளம் இறக்கும் இடத்தில் பிள்ளையை இறக்கினேன்

என் சொந்த வள்ளத்தை இறக்கத் துணியாத கடலில், மச்சானின் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டவன் நான். செபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். நான் முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தால், என்னை எனக்குத் தெரியும், கதை முடிவதற்குள் என்னை வீரனாக்கிவிடுவேன்.

என் பெயர் அன்ரன். மன்னார்த் தீவில் தோட்டவெளியில் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கடல் தொழில். பகிடித் தொழில் அதற்கும் முந்தியது. கோயில் முற்றத்தில் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டால் நடுவில் நான் நிற்பேன். யாராவது கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் அநேகமாகக் காரணம் நான்தான்.

என் மனைவி ஜெயா கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரக் குடும்பம். அவளுடைய தம்பி சிவம், என் மச்சான், குளத்திலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்தவன். நான் அவனுக்கு வைத்த பெயர் 'வாய்க்கால் மாலுமி'. கலியாணம் கட்டிப் பதினான்கு வருடம் ஆகிறது. அந்தப் பகிடி ஒருநாளும் ஓயவில்லை. அவனும் ஒருநாளும் கோபித்ததில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சிவத்தின் மகள் தர்ஷி வந்தால்தான் எங்கள் வீட்டில் கதிரை மேசைகள் இடம் மாறும். அலுமாரிக்குள் இருக்கிற சேலைகள் எல்லாம் கூடாரமாகும். போன வருடம் அவளுக்கு ஒன்பது வயது. ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகப்பனோடு வந்திருந்தாள். சாப்பிட முன்னமே தொடங்கிவிட்டாள்.

"மாமா, கடலுக்குப் போவம்."

ஜெயா அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். "சோளகக் கடல். காலை மட்டும் நனைச்சுப்போட்டு வாங்கோ" என்றாள்.

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று. அது பிடித்து வீசுகிற மாதங்களில் எங்கள் தெற்குக் கரையில் தொழில் இல்லை. வள்ளங்களையெல்லாம் வடக்குக் கரைக்கு மாற்றிவிடுவோம். அன்றைக்கும் கரை வெறுமையாகக் கிடந்தது. மீன்பிடிகாரர் தங்குகிற ஒரு வாடிக் கொட்டில், அதற்குள் கொஞ்சம் பழைய கயிறும் பிளாஸ்ரிக் கான்களும். ஆள் அரவம் இல்லை. வள்ளங்கள் ஏன் இங்கே இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், இந்தச் சாட்சிக்கே வேலை இருந்திராது.

கடல் இடமும் வலமும் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கலங்கல் நிறத்தில், சாதுவாகக் கிடந்தது. அந்த இடம் எனக்குச் சொந்த வீட்டு வாசல் மாதிரி. ஒவ்வொரு வருடமும் காற்று விழுந்த பிறகு அதில்தான் வள்ளம் இறக்குவேன். பெரிதாகத் தள்ளத் தேவையில்லை. இரண்டு தள்ளு, பிறகு கடல் தானே கொண்டுபோகும்.

கடல் தானே கொண்டுபோகும். இருபத்திரண்டு வருடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன், வள்ளத்தைக் கொண்டுபோகிற தண்ணீர் பிள்ளையையும் கொண்டுபோகும் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை.

சிவம் நினைத்தான்.

"அத்தான், மற்றப் பக்கமெல்லாம் அலை உடையுது. இதில மட்டும் ஏன் உடையேல்லை?"

"கடல் எனக்கு மரியாதை குடுக்குதடா."

"இல்லை அத்தான், தண்ணி வெளிப்பக்கமாப் போகுது பாருங்கோ. துருசு திறந்த மாதிரி."

துருசு என்பது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மதகு. "வாய்க்கால் மாலுமிக்குக் கடலைக் கண்டாலும் துருசுதான் ஞாபகம்" என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டு, தர்ஷியை முழங்கால் ஆழத்தில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுச் சிவத்தின் பக்கம் திரும்பி ஒரு பகிடி சொல்லத் தொடங்கினேன்.

என்ன பகிடி என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. முடிவுக்கு வந்தும் அவன் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் கடலைப் பார்த்தான்.

"அத்தான், பிள்ளை!"

திரும்பினேன். வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறி, எஞ்சினை இறக்கிக் கயிறு இழுக்கிற தூரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தூரத்தில் அவளுடைய தலை தெரிந்தது. கத்தவில்லை. கை தட்டிக் கூப்பிடவும் இல்லை. வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் போதவில்லை.

பாய்ந்தேன். கடல் என்னைப் பிடித்து நேராக அவளிடம் கொண்டுபோய் விட்டது. கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அப்பாடா, பிடித்தாயிற்று, இனிக் கரைதானே என்று நினைத்தேன். கரையைப் பார்த்து நீந்தினேன். நீந்தினேன், நீந்தினேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வாடி முன்னையைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

இன்னும் பலமாக அடித்தேன். கை சோர்ந்தது. மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீர். என் வீட்டில் நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும், ஜெயா நாலு சோற்றுக் கோப்பை எடுத்து வைப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

செபமாலை முழுவதும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை. வந்தது இவ்வளவுதான்: "மாதாவே, என்னை வேணுமெண்டால் வைச்சுக்கொள்ளும். பிள்ளையைக் கரையில விட்டுவிடும். இனி நான் பகிடி விடமாட்டன்."

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் கொடுக்க என்னிடம் அதைவிடப் பெரிய பொருள் ஒன்றும் இருக்கவில்லை.

சொல்லி முடிய, என் காதுக்குள் இருமிக்கொண்டே ஒரு குரல்.

"மாமா, எதிர்த்துப் போகாதேங்கோ. பக்கமாச் சரிஞ்சு போங்கோ. வாய்க்காலில அப்பா அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

கரையைப் பார்த்தேன். எனக்கு நேரே சிவம் இல்லை. ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அப்படியும் ஒரு மனம் எனக்கு. பிறகுதான் கண்டேன். வலப்பக்கம் வெகுதூரத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துவாயைச் சுழற்றிச் சுழற்றி அலை உடைகிற பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். கரையில் தகப்பன் கையால் காட்டினதைத்தான் மகள் என் கழுத்தில் தொங்கிக்கொண்டு வாயால் சொல்லியிருக்கிறாள்.

எதிர்த்து நீந்துவதை விட்டேன். மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கினேன். தர்ஷியை நெஞ்சில் கிடத்திக்கொண்டேன். பிறகு சிவம் காட்டின பக்கம் தலையைத் திருப்பி, மெதுவாகப் பக்கவாட்டில் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று இழுவை விட்டது. யாரோ பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளையாக உடைகிற அலை ஒன்று வந்து எங்களைத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. நான் பயந்து ஒதுங்கின அதே அலைகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தன. இடுப்பளவு தண்ணீரில் சிவம் நின்றான். வாடியில் கிடந்த வெறும் கானில் கயிறு கட்டி எறிந்தான். பிடித்தேன். இழுத்தான்.

மணலில் தர்ஷி உப்புத் தண்ணீராகச் சத்தி எடுத்தாள். பிறகு பெரிய சத்தமாக அழுதாள். அதைவிட நல்ல பாட்டு நான் கேட்டதில்லை.

உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று சொல்லி, மறுநாள் காலைவரை வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். அங்கே வாங்குப் பலகையில் இருந்தபடி சிவத்திடம் மெல்லக் கேட்டேன்.

"நீ ஏன்டா குதிக்கேல்லை?"

"மூண்டு பேரும் தண்ணிக்குள்ள தாண்டு போனா, ஆர் அத்தான் கரையில நிண்டு வழி காட்டுறது?"

நான் மாதாவைக் கூப்பிட்டதைச் சொன்னேன். அவன் குளக்கட்டுப் பிள்ளையாரைக் கூப்பிட்டானாம். "ரெண்டு பேரும் கதைச்சுத்தான் செய்திருப்பினம்" என்றான். அடிக்கவில்லை, ஏசவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடித்தது ஜெயாதான், கையால் இல்லை. மூன்று நாள் சோறு போட்டாள், கதைக்கவில்லை. நாலாம் நாள், "என்ன பகிடி அது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

என் நேர்த்திக்கடன் ஆஸ்பத்திரியிலேயே முறிந்துவிட்டது. ஊசி போட வந்த தாதியிடம் ஒரு பகிடிக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. வெட்கத்தோடு பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று பட்டது.

"ஏலாத நேர்த்தியை ஏன் வைக்கிறீர்? பிள்ளையள் தண்ணிக்குள்ள நிக்கிற நேரம் மட்டும் வாயை மூடும். அதையாவது செய்யும்."

அதைச் செய்கிறேன். சோளக மாதங்களில் ஞாயிறு பூசை முடிய அந்தக் கரைக்குப் போவேன். அலையில்லாத அந்த இடத்தின் இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவேன். பிள்ளைகளோடு வருகிற குடும்பங்களிடம் போய்க் கதைப்பேன். சாதுவான தண்ணீரை நம்பாதீர்கள் என்பேன். அலை உடையாத இடத்தால்தான், வந்த தண்ணீர் திரும்பிப் போகிறது. பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது கை எட்டுகிற தூரத்தில் நில்லுங்கள்; போனையும் என்னைப் போன்ற ஆட்களையும் பார்க்காதீர்கள். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து அடிக்காமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கத்துக்குப் போகச் சொல்லிக் கொடுங்கள். கரையில் நிற்கிறவர் குதிக்க முன்னம் மிதக்கிற ஒன்றைத் தேடி எறியட்டும். சிலர் கேட்பார்கள். சிலர் "ஆர் இந்த விசரன், தலை சுகமில்லையோ?" என்பார்கள். இரண்டும் சரிதான்.

சகோதரங்களே, மாதா என்னைக் கைவிடவில்லை. ஆனால் அவ அனுப்பின உதவி, நான் பதினான்கு வருடமாகப் பகிடி பண்ணின வாய்க்காலில் இருந்து, ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் வந்தது. நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள், கேட்பா. கோயிலுக்குள் கண்ணை மூடிச் செபியுங்கள். கடற்கரையில் கண்ணைத் திறந்துகொண்டு செபியுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு தர்ஷி எத்தனையோ தரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரைகளை இழுத்தாள், கூடாரம் கட்டினாள். கடல் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. அவளுடைய கடலை நான் பறித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

போன கிழமை வந்திருந்தாள். காற்று விழுந்து, கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரிக் கிடக்கிற நாள். வேலிப் படலையடியில் நின்று, தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு கேட்டேன்.

"செல்லம், மாமாவோட கடலுக்கு வாறியே?"

தகப்பனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாயை மூடிக்கொண்டு நிண்டா வாறன்."