டப்ளினில் ஒரு ‘சாப்ட்டியா’

என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். கீரனூரிலிருந்து வீடியோ காலில் நான் முதலில் கேட்பது, “சாப்ட்டியா பாப்பா?” என்றுதான். அவள் வாடகைக்கு இருக்கும் டப்ளின் வீட்டுக்கார ஐரிஷ் அம்மாள் தினமும் அவள் பின்னால் வந்து நின்று நாங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் எரிச்சலில், “அந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை? அங்கிட்டுப் போகச் சொல்லு” என்றேன்.

மகளின் முகம் சுருங்கியது. “அவங்க மகன் வேலைக்கு ஆஸ்திரேலியா போயி ஆறு வருசமாச்சும்மா. ‘சாப்ட்டியா’ன்னா என்னன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டு, இப்ப மகன்கிட்ட போன்ல அதையேதான் கேக்குறாங்க.”

பிள்ளையைப் பிரிந்த ஏக்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவர் வந்து நின்றதும், “சாப்ட்டீங்களா?” என்றேன். ‘ங்க’ போட்டதில் அவருக்குப் புரியவில்லை. “சாப்ட்டியா?” என்று மாற்றிக் கேட்டேன். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரை அங்கிட்டுப் போகச் சொன்னதும் இதே வாய்தான்.