ஒரு பைட் தள்ளி

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வெளிநாட்டில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக் கண்டெய்னர்களுக்குள் வெப்பநிலையை அளந்து சொல்லும் கருவி செய்துகொண்டிருந்தோம். அதன் கெர்னலை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை நிரலை, எழுதியது நானும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும்.

அந்தக் குளிர்காலத்தில் கருவி கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்தது. அறைக்குள் சரியான அளவைக் காட்டும். வெளியே பனியில் வைத்தால் லட்சம் டிகிரிக்கு மேல் காட்டும். சென்சார் குளிர் தாங்கவில்லை என்று மேலாளர் முடிவுகட்டி வேறு சென்சார் வாங்கினார். மாற்றியும் அதே கதைதான். மேசைக் கணினியில் நிரல் பிசகாமல் ஓடியதால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. வாடிக்கையாளர் கருவிகளைத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்.

மாலையில் அக்காதான் என்னைக் காரில் நான் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸில் இறக்கிவிடுவார். ஒருநாள் பனியில் வண்டிகள் ஊர்ந்தன.

"தம்பி, அந்தப் பிழையான எண்ணை பைட் பைட்டாச் சொல்லும் பாப்பம்," என்றார்.

"மேசைக் கம்ப்யூட்டர்ல வந்ததோட ஒப்பிட்டா முதல் மூணும் சரிதான்க்கா. கடைசி பைட் மட்டும் பூஜ்ஜியமா வருது."

"அளவுக்கு முன்னால இருக்கிற பைட் என்ன?"

"கருவி அனுப்புற செய்தியோட வகை. அது எப்பவும் பூஜ்ஜியம்..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நான்கு பைட் எண், நினைவகத்தில் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். நாங்களோ வகைக்கு ஒரு பைட் ஒதுக்கி, இடைவெளி விடாமல் அடுத்தே வெப்பநிலையை வைத்திருந்தோம். மேசைக் கணினி அதைச் சமாளித்தது. கருவியின் சின்ன ப்ராசஸர் எந்தப் புகாரும் சொல்லாமல், கடைசி பைட்டுக்குப் பதில் அந்த வகை பைட்டை எடுத்துக் கொடுத்தது. மைனஸ் குறி இருப்பது கடைசி பைட்டில்; அது பூஜ்ஜியமாகிவிட்டால் மைனஸ் எண் மிகப் பெரிய எண்ணாகப் படிக்கப்படும். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும்வரை அந்த இரண்டு பைட்டுமே பூஜ்ஜியம், வித்தியாசம் தெரியாது.

"ஆபீசுக்குத் திரும்பிடலாமாக்கா?"

"கார்டெரி பூட்டிப்போடுவினம். பிள்ளை எனக்காகப் பாத்துக்கொண்டு நிப்பான். நாளைக்குச் செய்வம், அது எங்க ஓடப்போகுது?"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், ஏற்றிக்கொண்ட அக்காவின் பையன் பின்சீட்டில் பிரெஞ்சில் பாடிக்கொண்டு வர, எப்படித் திருத்துவது என்று பேசி முடித்தோம்.

மறுநாள் காலை, எண்ணை பைட் பைட்டாக நகலெடுத்துப் படிக்கும்படி மாற்றினோம். கருவியை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைமுன் நின்றோம். மைனஸ் பதினெட்டு. வெளியே தொங்கிய தெர்மாமீட்டரும் அதையே காட்டியது. அக்கா என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

கருவிகள் திரும்பி வரவில்லை. கெர்னலில் இருந்த எல்லாத் தரவுக் கட்டமைப்புகளையும் இதே கண்ணோடு பார்க்கும்படி மேலாளர் சொன்னார். பனி உருகும்வரை எங்களுக்கு அதுதான் வேலை.