பேஸ் கிட்டார் தெரிவுக் குழு

தோட்ட நலன்புரிச் சங்கத்தின் கொள்வனவு விதிகளில் பதினோராம் பிரிவு, உபபிரிவு (ஈ) இவ்வாறு கூறுகிறது: "கொள்வனவு செய்யப்படும் பொருளைப் பயன்படுத்தவுள்ள நபர், அப்பொருளைத் தெரிவு செய்யும் குழுவில் அங்கத்தவராக இருத்தலாகாது."

இந்த விதி ஏன் பிறந்தது என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு முன்பிருந்த ஒரு ஸ்டோர் கிளாக்கர் தன்னுடைய நாற்காலியைத் தானே தெரிவு செய்தார். அது அவ்வளவு நல்ல நாற்காலியாக அமைந்ததால் மத்தியானத்துக்குப் பிறகு அவரை எழுப்புவது பெரிய வேலையாகிவிட்டது. அதற்காக இயற்றப்பட்ட விதி, பல வருடம் கழித்து ஒரு பேஸ் கிட்டாரின் மேல் வந்து விழுந்தது.

1. ஒரு ஆள் குறைந்தால்

பெல்மதுளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். ஓய்வு பெறும் வருடம் அது. நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் பதவியும் என்னிடமே இருந்தது. சம்பளமில்லாத பதவியை யாரும் யாரிடமிருந்தும் பறிப்பதில்லை.

சங்கத்துக்கு ஓர் இசைக்குழு உண்டு. தோட்டத்துக் கல்யாணம், கோயில் திருவிழா, பெக்டரி விழா எல்லாவற்றுக்கும் அதுதான். கீபோர்டும் தலைமையும் லொறி ட்ரைவர் தவராஜா. பேஸ் கிட்டார் ஜெயராணி. பேஸ் என்பது நாலே நாலு தடித்த கம்பி உள்ள கிட்டார். பாட்டு அதன் மேல்தான் நிற்கும். ஆனால் கேட்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

ஜெயராணி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பானவர். அதை இனிமேல் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுத வேண்டும் என ஒரு சுற்றறிக்கை வந்தது. பெயர்ப்பலகையை மாற்றினோம். கூரை ஒழுக்கைப் பற்றிச் சுற்றறிக்கையில் எதுவும் இல்லை. அவர் ஒன்பது வருடமாக வாசித்தது குருவிட்டயில் இருந்த மச்சானுடைய கிட்டாரை. மாணிக்கக் குழியில் பங்கு போடுவதற்காக மச்சான் அதை விற்றுவிட்டார். குழியில் இன்றுவரை கிடைத்தது தண்ணீர் மட்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தவராஜா ஆபீஸுக்கு வந்தார். பின்னால் ஜெயராணியும் வந்தார்.

"ஐயா, பேஸ் வாங்குறதுன்னா வெரசா வாங்குங்க. இல்லாட்டி நான் எடது கையால கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கிறேன். இப்ப எல்லா பேண்ட்லயும் அப்பிடித்தான் செய்றாங்க. ஒரு ஆள் கொறையும். லொறியிலயும் எடம் கெடைக்கும்."

"எடம் வேணும்னா ஒங்க தொந்திய எறக்கி வச்சிட்டு வாங்கண்ணே" என்றார் ஜெயராணி.

தவராஜா சிரித்தார். ஜெயராணி சிரிக்கவில்லை. காரணம் எனக்குப் புரிந்தது. இந்தத் திருவிழாவில் இடது கையாலேயே சமாளித்துவிட்டால், அடுத்த மாதம் கிட்டார் வந்தாலும் ஆளைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அலுவலகங்களில் பதவிகள் ஒழிவதும் இப்படித்தான். முதல் வரியில் "தற்காலிகமாக" என்று இருக்கும்.

2. நான் தயாரித்த அட்டவணை

பெல்மதுளையில் சவுண்ட் சாமான் கடை வைத்திருக்கும், ஊரே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் இரண்டு பேஸ் இருந்தன. இரண்டுக்கும் ஒரே விலை. ஆகவே விலையைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

"பேஸ்ல ரெண்டே ரெண்டு பரம்பரைதான் சேர். மத்ததெல்லாம் இதுகள்ட புள்ளைகள்" என்றார் நானா. "இது பி. ஒரே பிக்கப், ரெண்டு துண்டா ஒடச்சி வெச்சீக்கி. சவுண்ட் ஒண்டுதான். ஆனா எங்க கொண்டு போனாலும் அந்த சவுண்ட் கெடைக்கும். இது ஜே. ரெண்டு பிக்கப், மூணு நொப். கழுத்து மெலிசு. சவுண்ட மாத்தி மாத்தி எடுக்கேலும்."

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தம். நொப் என்பது ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். இதை நானாவிடம் இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"இதுல எது நல்லம் நானா?"

"அது கலியாணம் பேசுற மாதிரி சேர். நான் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன். வாய் தொறக்க மாட்டன்."

ஜெயராணியும் கடைக்குப் போய் இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய கருத்தை நான் கேட்கவில்லை. விதி இருக்கிறது. அதற்குப் பதிலாக ஆபீஸுக்கு வந்து ஒரு புள்ளி அட்டவணை தயாரித்தேன். பிக்கப்: பி ஒன்று, ஜே இரண்டு. நொப்: பி இரண்டு, ஜே மூன்று. எடுக்கக்கூடிய ஓசை வகைகள்: ஜே அதிகம். பழுது பார்க்கும் வசதி: பி. கூட்டிப் பார்த்தால் ஜே வென்றது. மேசை, அலுமாரி, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றுக்கும் இதே முறையைத்தான் கையாண்டேன். ஒரு தடவையும் பிழை வந்ததில்லை.

தெரிவுக் குழுவில் நாங்கள் மூன்று பேர். நான், பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் சுந்தரம், தோட்டத்து உதவி முகாமையாளரான சின்ன துரை. சின்ன துரை கேகாலைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தமிழை எங்களிடமே கற்று எங்களிடமே பேசுவார். 'சரி' என்பதற்கு அவர் வாயில் சிங்கள 'ஹரி'தான் வரும். அட்டவணையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹரி, ஜே எடுப்பமே. ஒரே விலைக்கு ரெண்டு பிக்கப் நே. அதோட ஜெயராணிக்குக் கை சின்னது. மெலிசு கழுத்துதான் லேசி."

கதவருகே வருகைப் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்த ஜெயராணி அதைக் கேட்டுவிட்டார்.

"சேர், இந்தக் கையில ஒரு புள்ள, அந்தக் கையில ஒரு புள்ள. பால் சட்டிய அடுப்புல இருந்து எறக்குறதும் இதே கைதாங்க. அப்பெல்லாம் யாரும் அளந்து பாக்கலியே."

சின்ன துரை அட்டவணையை மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

"அப்ப ஒங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டேன். கேட்டதே விதிமீறல்தான்.

"கடையில வாசிச்சப்ப ஜேதாங்க மனசுக்குப் புடிச்சிச்சு. ஆனா அங்க நான் மட்டுந்தான வாசிச்சேன். பேண்டோட சேத்து வாசிக்காம எனக்கே சொல்லத் தெரியலிங்க ஐயா. புடிச்சத எடுத்துட்டு, அது மேடையில கேக்காமப் போச்சுன்னா, தவராஜாண்ணன் எடது கையக் கீழ எறக்கிருவாரு. அதுக்கப்பறம் நான் எதுக்கு?"

முப்பத்தேழு வருட சேவையில் நான் பார்த்த தெரிவுக் குழுக்களில் யாரும் இவ்வளவு நேர்மையாகத் தெரியாது என்று சொன்னதில்லை. இவரைக் குழுவில் சேர்க்க விசேட அனுமதி தர வேண்டும் என்று அன்றே கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். விதி எண், காரணம், இணைப்பு எல்லாம் ஒழுங்கு. பத்து நாள் கழித்துப் போன் செய்தேன். கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றார்கள். உரிய பிரிவு என்பது கடிதங்கள் ஓய்வெடுக்கும் இடம்.

3. நம்பர் போட்டுக் கேட்டது

திருவிழாவுக்கு ஆறு நாள். டீமேக்கர் சுந்தரம் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நாங்க தேயிலைய எப்பிடிப் பாக்கிறோம்? எந்த பேட்ச், யாரு டியூட்டின்னு சொல்லிக்கிட்டா ருசி பாக்கிறோம்? கோப்பைக்கு நம்பர் போடுவோம், நாக்குல வச்சுப் பாப்போம், அவ்வளவுதான். இதையும் அப்பிடிப் பாத்துட்டாப் போச்சு. வாசிக்கிறது யாரா இருந்தா என்ன?"

உபபிரிவு (ஈ)யை மறுபடி வாசித்தேன். பயன்படுத்தவுள்ளவர் அங்கத்தவராக இருக்கக்கூடாது என்றுதான் அது சொல்கிறது. பொருளை இயக்கிக் காட்டக்கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீர்ப் பம்பு வாங்கும்போதும் யாராவது ஒருவர் சுவிட்சைப் போடத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை. பெக்டரி மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் குறுக்கே லொறி மூடும் படங்கைத் திரையாகக் கட்டித் தொங்கவிட்டோம். இந்தப் பக்கம் மூன்று நாற்காலியில் நாங்கள் மூவர். அந்தப் பக்கம் ஜெயராணி, இசைக்குழு, இரண்டு கிட்டாரையும் ஓட்டோவில் கொண்டுவந்த நானா. எந்தக் கிட்டாருக்கு எந்த நம்பர் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.

முதலில் பேஸை மட்டும் தனியாகக் கேட்டோம். ஒன்றாம் நம்பர் தடித்த குரலில் சுருக்கமாகப் பேசியது. இரண்டாம் நம்பர் பாடியது. ஒவ்வொரு சுரமும் தெளிவாக, ஓரம் வெட்டிய மாதிரி வந்தது. மூவரும் இரண்டு என்று எழுதினோம்.

"இனி என்ன, மினிட்ஸ் எழுதுங்க" என்று சின்ன துரை எழுந்தார்.

"இருங்க சேர்" என்றார் டீமேக்கர். "வெறுந் தேயிலைய மென்னு பாத்துட்டு எழுந்திருச்சா எப்பிடி? சனம் எப்பிடிக் குடிக்குதோ அப்பிடிக் குடிச்சுப் பாக்கணும். பேண்டு முழுசா வாசிக்கட்டும்."

கீபோர்டும் டிரம்ஸும் தபேலாவும் சேர்ந்தன. முதலில் இரண்டாம் நம்பர். சற்று முன் அவ்வளவு அழகாகப் பாடிய கிட்டாரை இப்போது தேட வேண்டியிருந்தது. அது இருந்த உயரத்திலேயே கீபோர்டும் இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பேசினால் சத்தமாகப் பேசுபவர் பேச்சுத்தான் கேட்கும். நானா ஒரு நொப்பைக் குறைத்து மற்றதைக் கூட்டிப் பார்த்தார். உடனே பாட்டுக்கு அடியில் "ஙொய்" என்று ஓர் இரைச்சல் கிளம்பியது.

"இதென்ன, பேரிங் போன மோட்டர் சத்தமாட்டம்" என்றார் டீமேக்கர்.

"ரெண்டு நொப்பையும் முழுசா தொறந்தா வராது சேர். ஒண்டக் கொறச்சாத்தான்" என்று படங்குக்கு அந்தப் பக்கமிருந்து நானா சொன்னார்.

நொப்பைத் திருப்பினார். இரைச்சல் நின்றது. கிட்டாரும் மறுபடி கீபோர்டுக்குள் போய்விட்டது.

அதே பாட்டை ஒன்றாம் நம்பரில் வாசித்தார்கள். இரண்டாவது அடியிலேயே நாற்காலிக் கால் அதிர்ந்தது. உத்தரத்தில் படிந்திருந்த தேயிலைத் தூசி சின்ன துரையின் சட்டையில் கொட்டியது. கீபோர்டு மேலே இருந்தது, பேஸ் கீழே இருந்தது, இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாட்டு தரையில் நின்றது.

"எங்க தேயிலையும் இதே ஜாதிதான்" என்றார் டீமேக்கர். "ஒசர மலையில வெளையிற மேல்நாட்டுத் தேயிலை மாதிரி வாசனைக்கு விக்கிறதில்ல. கட்டிக்குத்தான் விக்குது."

பாட்டின் நடுவில் சாடையாக என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. படங்கின் ஓரத்தால் கீபோர்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்தேன். தவராஜாவின் இடது கை கீபோர்டில் இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன தவராஜா, எடது கை வேலை செய்யலியா?"

"அதுக்கு இங்க வேலை இல்லிங்க ஐயா. கீழ எல்லாம் அந்தப் புள்ளயே பாத்துக்குது. இத எடுத்துட்டா பாட்டு தண்ணியில மெதக்குறாப்பல போயிரும்."

மூவரும் ஒன்று என்று எழுதினோம். படங்கை விலக்கினோம். ஜெயராணியின் கையில் இருந்தது பி. அகலக் கழுத்து. சின்ன துரை கழுத்தையும் கையையும் பார்த்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"ஒங்களுக்குப் புடிச்சது ஜேதான?" என்று ஜெயராணியிடம் கேட்டேன்.

"இப்பவும் அதுதாங்க புடிச்சிருக்கு. வீட்டுல தனியா வாசிக்கிறதுன்னா அதத்தான் எடுப்பேன். பேண்டுக்கு இதுதாங்க."

கூட்டக் குறிப்பில் எழுதினேன்: குழு அங்கத்தவர் மூவரும் பொருளைத் தாமே பரீட்சித்து, ஏகமனதாக பி மாடலைத் தெரிவு செய்தனர். இயக்கிக் காட்டியவர்: ஜெயராணி. பழைய புள்ளி அட்டவணையைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுப்பது முறையல்ல. அதன் மேல், "இவ்வட்டவணை பிழையானது, தயாரித்தவர் நானே" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

4. நானாவின் கிட்டார்

அனுமதி கேட்டு எழுதிய பிறகு பதில் கடிதம் வராமல் எதையும் வாங்க முடியாது. திருவிழாவோ காத்திருக்காது. "கொண்டு போய் வாசிங்க, கடதாசி வந்தாப் பாத்துக்குவம்" என்று நானா கிட்டாரைக் கொடுத்தார். கைமாற்றாகப் பெற்ற பொருள் ஆபீஸ் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே ஜெயராணி சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைப்பார்.

திருவிழா நன்றாக நடந்தது. பேஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் நற்சாட்சிப் பத்திரம்.

மே போனது, ஜூன் போனது. நானா போன் செய்தார்.

"சேர், பலாங்கொடையில ஒரு பேண்ட்காரங்க பி கேக்குறாங்க. ஒங்கட கம்பனி இன்னும் யோசிக்குதா?"

"யோசிக்கல நானா. இன்னும் வாசிக்கவே இல்ல."

"நான் இல்லண்டு சொல்லிட்டன். ஆனா எவ்ளோ நாளைக்குச் சொல்ற?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயராணி கேட்பார். "கடிதம் வந்துச்சாங்க ஐயா?" இல்லை என்பேன். "அப்ப இந்த வாரமும் நானாவோட கிட்டாருதான்" என்று கையெழுத்துப் போடுவார். எனக்கோ செப்டம்பர் கடைசியில் ஓய்வு. எனக்குப் பின் வருகிறவர் கோப்பைத் திறந்து, கூட்டக் குறிப்பை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் வாசித்தால் ஜேயை வாங்கிவிடுவார். அட்டவணை வாசிக்கச் சுலபமானது. நினைவூட்டல் கடிதம் இரண்டு அனுப்பினேன்.

புதிதாக ஆபீஸ் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு பொருள் எந்தக் கூட்டத்துக்குள் வேலை செய்யப் போகிறதோ, அந்தக் கூட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். மேசையில் தனியாக வைத்து எண்ணாதீர்கள். விதி தடுப்பதை மதியுங்கள். அது தடுக்காததையும் தேடிப் படியுங்கள். நடந்ததை நடந்த அன்றே எழுதி வையுங்கள். பதில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

பதில் வந்தபோது அரைப் பக்கமே இருந்தது. ஜெயராணியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். முதல் வரியிலேயே முகம் விழுந்துவிட்டது.

"'விலக்களிக்க இயலாது'ன்னு போட்டிருக்காங்களே. அப்ப திருப்பிக் குடுக்கணுமாங்க?"

"கடைசி வரிய வாசிங்க."

வாசித்தார். "பயன்படுத்தவுள்ளவரைச் சேர்க்காது, குழு அங்கத்தவர் மூவரும் தாமே பரீட்சித்து எடுக்கும் ஏகமனதான தீர்மானத்தின்படி கொள்வனவு செய்யவும்."

கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, சித்திரை மாதத்துப் பக்கத்தைக் காட்டினேன். அதையும் வாசித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி வாசித்தார்.

"அப்ப அன்னைக்கு நான் என்னாங்க செஞ்சேன்?"

"நீங்க குழுவுலயே இல்ல."

"ஆமாங்க. நான் இல்லவே இல்ல" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

மறுப்புக் கடிதம் ஒன்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். நானாவுக்குப் போன் செய்துவிட்டு, பொருட்பதிவேட்டில் எழுதினேன்: பேஸ் கிட்டார், பி மாடல், ஒன்று. பொறுப்பாளர், ஜெயராணி. கடிதம் கிடைத்த திகதியும் பொருள் கையளித்த திகதியும் ஒன்றே: செப்டம்பர் நான்கு.