நான் அழித்த வரிகள்

கடல் ஊருக்குள் வந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மரக்காணம் உப்பளங்களில் பல மாதம் வேலை இல்லை. பாத்தி முழுக்கச் சேறும் முள்ளும். அதற்கு முன்னால் நான் அளத்தில் டிகிரி எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாயைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டால் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரிக் கணக்கில் தெரியும். அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் சிலேட்டில் எழுத வேண்டும். மறுநாள் காலையில் பழைய எண்களை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதலாம். ஒருநாள் துடைக்க மறந்துவிட்டேன். முந்தின நாள் எண்ணைப் பார்த்து ஒருவர் மடையைத் திறந்து, தண்ணீரைத் தவறான பாத்திக்கு விட்டுவிட்டார். "பழச எதுக்குடி வெச்சிருக்க? ஊறுகா போடவா?" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கத்தினார். அதன் பிறகு நான் மறந்ததே இல்லை. வந்ததும் முதல் வேலை துடைப்பதுதான்.

வேலை இல்லாமல் இருந்தபோது, நிவாரணத்துக்காக வந்திருந்த ஓர் அமைப்பில் ஆள் கேட்டார்கள். நான் பத்தாவது தேறியவள், கொஞ்சம் டைப் அடிக்கத் தெரியும். கடற்கரைச் சாலையோரம் இருந்த கல்யாண மண்டபத்தில் மணமகள் அறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றியிருந்தார்கள். கரையோர ஊர்களின் ரேஷன் கார்டு நகல்கள், இடிந்த வீடுகளின் படங்கள் எல்லாம் அங்கிருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போயின. இறந்தவர்களின் படங்களும் அதில்தான். யாரென்று தெரியாதவர்களைப் புதைப்பதற்கு முன் தொண்டுக்கு வந்த யாரோ டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. கேமராவில் இருந்ததை அப்போதே அழித்துவிட்டு மேலும் மேலும் எடுத்திருந்தார்கள். அதனால் பெட்டியில் இருந்ததைத் தவிர வேறு பிரதி கிடையாது.

பெட்டியில் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாகச் செருகியிருந்தன. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"அக்கா, அஞ்சுல ஒன்னு செத்தா மிச்சம் நாலு தாங்கிக்கும். ரெண்டு செத்துச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால அது என்ன சொல்லுதுன்னு தெனமும் கேட்டுக்கணும்."

கறுப்புத் திரையில் 'ஷோ லாக்' என்று தட்டினால் பெட்டிக்குள் நடந்ததெல்லாம் வரிவரியாக வரும். தேதி, நேரம், எந்த டிஸ்க், என்ன கோளாறு. அதை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எர்ரர் என்று இருந்தால் அவருக்குப் போன் செய்து படித்துக்காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகு 'கிளியர் லாக்' என்று தட்டினால் வரிகள் போய்விடும். எர்ரர் அழியாமல் இருக்கும்வரை பெட்டி கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை கத்தியபோது போன் செய்தேன். அந்த ஆங்கில வார்த்தைகளைச் சேர்த்துப் படிக்க எனக்கு வரவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ, "டேய், மரக்காணம் ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சிடுச்சுடா, சவுண்ட கூட்டு" என்றது கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்றார். எனக்குக் காது சுட்டது. மீதியைச் சொல்லாமலே, "லைன் சரியில்லங்க" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் போன் செய்யவில்லை. பெட்டி கத்தும். லாக்கைப் பார்ப்பேன். ஒன்றாம் நம்பர் டிஸ்க் பெயரில் இரண்டு வரி இருக்கும். 'கிளியர் லாக்' என்று தட்டுவேன். சத்தம் நின்றுவிடும். நின்றால் கோளாறு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றைய டிகிரி இன்றைக்கு உதவாது என்பதைப் போலத்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். நோட்டில் 'சரி' என்று எழுதினேன். போகப்போக, காலையில் வந்ததும் படிக்காமலேயே அழிக்க ஆரம்பித்தேன். அறை சத்தமில்லாமல் இருப்பதைப் பார்த்து அமைப்பின் பொறுப்பாளர் ஒருநாள் பாராட்டக்கூடச் செய்தார்.

அந்த நாட்களில்தான் கூனிமேட்டிலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்தாள். அவள் புருஷன் கரையில் மீன் எடுத்து வண்டியில் கொண்டுபோய் விற்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் எடுக்கப் போனவர். வண்டி மட்டும் சவுக்குத் தோப்பில் கிடைத்தது. மாமியார், மகன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். அவர் ஒப்புக்கொள்ளாததால், புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவும் இவளால் இருக்க முடியவில்லை. "மவுத்தா இல்லையான்னு தெரியாம எப்டிக்கா உக்கார்றது?" என்றாள்.

புருஷன் முகம் படங்களில் இருக்கிறதா என்று பார்க்க வந்தாள். ஒரு தடவைக்குப் பத்துப் படம்தான் அவளால் முடியும். பத்தாவது படம் முடிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவாள். "மிச்சத்த அடுத்த வாரம் பாக்குறேன். எங்க வுட்டோம்னு குறிச்சி வெச்சிக்கோக்கா." நான் ஒரு சீட்டில் குறித்துவைப்பேன். சில வாரம் வரமாட்டாள். வந்தால் மறுபடி பத்து.

ஐப்பசி மழையில் மூன்றாம் நம்பர் டிஸ்க் ஒரேயடியாக நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பொறுப்பாளரே பார்த்துவிட்டு இன்ஜினியருக்குச் சொன்னார். அவர் மறுநாள் புது டிஸ்க்கோடு வந்து செருகினார். மற்ற நாலு டிஸ்க்குகளிலிருந்தும் எடுத்துப் புதியதை நிரப்பும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் ஒன்றாம் நம்பர் டிஸ்க் நின்றது. அதன் பிறகு திரையில் ஒரு படமும் திறக்கவில்லை.

அவர் வெகுநேரம் எதையெதையோ தட்டிப்பார்த்தார். பிறகு லாக்கைத் திறந்தார்.

"என்னக்கா இது, இன்னிக்கு காலைலேர்ந்துதான் இருக்குது? இந்த ஒன்னாம் நம்பர் திடீர்னு சாவாதே. மாசக்கணக்கா எர்ரர் குடுத்திருக்கணுமே. தெரிஞ்சிருந்தா மொதல்ல இத மாத்தியிருப்பேனே."

நான் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சரி, சரி, சரி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"சிரிச்சீங்க" என்றேன். அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் நோட்டை மூடிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "மாசாமாசம் வந்து எல்லாத்தையும் சிடில எழுதி வெக்கச் சொல்லியிருந்தாங்க. நானும் வரல. வுடுங்க. உப்புக்காத்துல வீணாப்போச்சுன்னு எழுதிடறேன்." அப்படித்தான் எழுதினார். பொறுப்பாளர் நம்பினார். இந்தக் கரையில் கதவுக் கீலே வருஷத்துக்கு ஒன்று துருப்பிடிக்கிறது, நம்பாமல் என்ன?

ரேஷன் கார்டுகளை மறுபடி வாங்கி நகல் எடுத்தோம். இடிந்த வீடுகளை மறுபடி போய்ப் படம் எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். வாசலிலேயே பொறுப்பாளர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். உள்ளே வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் தப்புதான்க்கா. ஒரேடியா பாத்து முடிச்சிருக்கணும். பத்து பத்தா பாத்து நானே கெடுத்துக்கினேன்."

உப்புக்காற்று என்று எழுதியபோது பேசாமல் இருந்தவள்தான் நான். அவள் இதைச் சொன்னபோது இருக்க முடியவில்லை. பெட்டி கத்தியது, நான் அழித்தது, சிரிப்புக்குப் பயந்து போன் செய்யாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் இங்கதானக்கா இருக்க. மிச்சப் படத்தையும் நீ பாத்திருப்ப இல்ல? நெத்தில தழும்பு இருக்கும். இந்தப் பக்கம். புருவத்துக்கு மேல."

நான் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அவளுக்குத் திறந்து கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி நிற்பேன். ஆனால் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அப்போது தோன்றியது. அழுது, இத்தா இருந்து, அதிலிருந்து வெளியே வந்துவிடுவாள். மாமியாரும் நம்பலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அல்லாவுக்குப் பொதுவா சொல்லுக்கா."

"பாக்கலம்மா" என்றேன். "ஒன்னக்கூடப் பாக்கல."

கையை விட்டாள். தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அப்ப நானு போயி சோறாக்கணும். தெனமும் அவருக்கும் சேத்து ஒரு தட்டு வெக்கச் சொல்லுது மாமியாரு. வெக்கலேன்னா அதுவும் சாப்புடாது."

பஸ் நிறுத்தம் மண்டபத்துக்கு எதிரிலேயே இருந்தது. பஸ் வர நேரமாயிற்று. அதுவரை அவள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நான் போய் அவளோடு நிற்கவில்லை.