அடுத்த அறையில் இரண்டு வருடம்

கல்யாணமான புதிதில் அவருடைய குறட்டை எங்களுக்கு ஒரு வேடிக்கை. மார்க்கையன்கோட்டையில் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல்வயல், எனக்குப் பக்கத்து ஊரில் டீச்சர் வேலை. மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். "பகல்ல பாடுற தொண்டை ராத்திரியில உறுமுது" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசியில் அந்தச் சிரிப்பு நின்றது. குறட்டை நடுவில் அறுந்துபோகும். நெஞ்சு எம்பும், மூச்சு வராது. தோளைப் பிடித்து உலுக்கினால், கிணற்றில் மூழ்கி எழுந்தவர் மாதிரி திணறி விழிப்பார். மறுபடி தூங்குவார், மறுபடி நிற்கும். விடியும்வரை உலுக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் நாற்காலியிலேயே எனக்குக் கண் சொருகும்.

அவர் பகலெல்லாம் தூங்கினார். வரப்பில் உட்கார்ந்தபடி தூங்கினார். சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். குடித்திருப்பார் என்று ஊர் பேசியது. ஒருநாள் நானே அவருடைய தம்பி முன்னால், "திங்கிறதும் தூங்குறதும் தவிர இவுகளுக்கு வேற என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். வருடக்கணக்கில் இல்லாத தூக்கம் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, பூசையில் பாட்டின் இரண்டாவது அடியிலேயே நின்றபடி தூங்கிச் சரிந்தார். பெஞ்சின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கொழுந்தனாரும் நானும் அவரை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதாம்மா? இப்ப முன்னைவிட அதிக நேரம் நிக்குதா?"

எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இல்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார். "அவளுக்கு உடம்புக்கு முடியாது சார். வேற ரூம்புல படுக்கிறா."

தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி என்றார் டாக்டர். ராத்திரி திறந்து வைக்க வேண்டும், பகலில் மூடிக்கொண்டு பேசலாம்.

"பாடலாமா சார்?" என்று கேட்டார் அவர்.

"பேச்சு வரும். பாட்டுக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

"சரி, போடுங்க" என்றார் அவர்.

துளை போட்டு மூன்றாம் நாள், ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கினார். பயந்து அவர் நெஞ்சில் கை வைத்தேன். சீராக ஏறி இறங்கியது. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் விழித்தார். கல்யாணத்தன்று பார்த்த முகம். காகிதத்தில் 'விடிஞ்சிருச்சா?' என்று எழுதிக் காட்டினார். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்த அன்றே என் பாயை அவர் அறையில் விரித்தேன். கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு சொன்னார், "நீ அங்கன புள்ளைகளோட படுத்துக்க."

"ஏங்க? இப்பத்தான் சத்தமே இல்லையே."

"சளி வரும், துடைக்கணும். நீ பார்க்க வேணாம். அங்கன நல்லாத்தான தூங்குற."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வயல் வேலை பழையபடி நடந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார். கோவிலுக்கு மட்டும் போகவில்லை. வெந்நீரில் குழாயைக் கழுவிப் போடும் வேலையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். காலையும் மாலையும், எங்களுக்குள் தொடுகை என்று மிஞ்சியது அதுதான். ஒருநாள் கழுவிக்கொண்டிருக்கும்போது, "அன்னைக்கு உங்க தம்பி முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். குழாயைக் கழற்றியிருந்ததால் அவரால் பேச முடியாது. நிமிர்த்திய தலையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைப் பொருத்தியதும் விரலை வைத்து, "வெந்நி போதுமா, இன்னும் வைக்கவா?" என்று கேட்டார்.

துளை போட்ட மூன்றாவது வருட ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. காரில் மதுரைக்குக் கிளம்பினோம். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை எழுப்பாமல் இருந்தேன்.